எல்லையோரக் கச்சேரியில் பேஸ் கிட்டார்: பயனுள்ள குறிப்புகள்

1958-இல் தேவிகுளத்தில் இடைத்தேர்தல் வந்தது. கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காகத் தேயிலைத் தோட்டங்களில் பாட்டுப் பாடி ஓட்டுக் கேட்டவர் பாவலர் வரதராசன். மலைக்குத் தமிழ்நாட்டுப் பக்கம், பண்ணைப்புரத்துக்காரர். அவர் குழுவில் சேர்ந்து ஊர் ஊராகத் திரிந்த தம்பிதான் பிற்பாடு இளையராஜா. வடக்கே பாலக்காட்டு எலப்புள்ளியில் 1928-இல் பிறந்தவர் எம்.எஸ்.விஸ்வநாதன். ஆக, இந்தத் தமிழ்நாடு, கேரள எல்லையில் மேடைப்பாட்டு நேற்று முளைத்ததல்ல. இன்றும் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், மீனாட்சிபுரம், மறையூர், மூணாறு, வண்டிப்பெரியாறு, குமுளி என எந்த ஊரிலும் வாரம் முழுக்க ஒரு வேலை, சனி ஞாயிறில் ஒரு கச்சேரி என்று இருப்பவர்களைப் பார்க்கலாம். அவர்களில் பேஸ் கிட்டார் பிடிப்பவருக்காக இந்தக் குறிப்புகள். புதுக் கிட்டாருக்குக் காசு சேர்க்கும் முன் ஒருமுறை படித்துவிடுங்கள். மேடையில் படும் பாட்டில் பாதி மின்சாரத்தாலும் ஈரத்தாலும் பாடகரின் சுருதிக் கட்டையாலும் வருவது. கிட்டாரை மாற்றினால் அது தீராது.

1. பாடகர்கள் 'சி ஷார்ப்' என்று சொல்ல மாட்டார்கள், 'ஒன்றரைக் கட்டை' என்பார்கள். தமிழ் பாடினாலும் மலையாளம் பாடினாலும் இதே கணக்குதான். சி என்றால் 1 கட்டை, டி 2, இ 3, எஃப் 4, ஜி 5, ஏ 6, பி 7. இடையில் இருக்கும் கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. மூன்றரையும் ஏழரையும் கிடையாது. ஏழரை வந்தால் அது சனி. இனி பேஸில் எங்கே வைப்பது என்று பார்ப்போம். ஒரு கட்டைக்கு ஏ கம்பியில் 3-ஆம் ஃப்ரெட், ஒன்றரைக்கு 4, இரண்டுக்கு 5, இரண்டரைக்கு 6. மூன்று கட்டைக்குத் தடித்த இ கம்பியை விரல் வைக்காமலே மீட்டலாம். நாலு கட்டையிலிருந்து அதே இ கம்பியில் 1, நாலரைக்கு 2, ஐந்துக்கு 3, ஐந்தரைக்கு 4, ஆறுக்கு 5, ஆறரைக்கு 6, ஏழுக்கு 7. இதைச் சின்னத் தாளில் எழுதி, கிட்டாரைத் தோளில் மாட்டியபின் கண்ணில் படும் மேல் விளிம்பில் ஒட்டிக்கொள்ளுங்கள். கட்டை தெரிந்த கையோடு 'மேஜரா, மைனரா' என்று கீபோர்டுக்காரரையும் கேட்டுவிட வேண்டும்.

2. பாடகர் மாறினால் கட்டையும் மாறும். ஆண் குரல் ஒன்றிலிருந்து இரண்டு கட்டைக்குள்ளும், பெண் குரல் ஐந்தையொட்டியும் நிற்பது வழக்கம். அதனால் ஒரு பாட்டின் பேஸைத் திறந்த கம்பிகளை நம்பிப் பழகாதீர்கள். எல்லாச் சுரத்தையும் ஃப்ரெட்டில் அழுத்தி வாசித்துப் பழகினால், மேடையில் 'அரைக் கட்டை ஏத்திக்கலாமா' என்று கேட்டதும் கையை ஒரு ஃப்ரெட் தள்ளி வைத்தால் போதும்.

3. கைப்பேசி ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டு பேஸ் கற்க முடியாது. இ கம்பி திறந்த நிலையில் நொடிக்கு 41 முறை அதிர்கிறது. அந்தக் குட்டி ஸ்பீக்கர் அவ்வளவு கீழே இறங்காது. காதில் விழுவதெல்லாம் மேலே எழும் கிளைச்சுரங்கள்தான். சுமாரான ஹெட்ஃபோன் ஒன்றை மாட்டிக்கொண்டு, பாட்டை முக்கால் வேகத்தில் ஓடவிட்டுக் கேளுங்கள்.

4. இளையராஜாவிடம் நெடுங்காலம் பேஸ் வாசித்த சசிதரனையும், ஏ.ஆர்.ரஹ்மான் பாடல்களில் வாசித்த கீத் பீட்டர்ஸையும் காது கொடுத்துக் கேட்டவர்களுக்குத் தெரியும்: பாடகருக்குக் கீழே இன்னொரு மெட்டு தனியாக நடந்துகொண்டிருக்கும். அதை முழுசாகக் கற்றுக்கொள்ளுங்கள். பிறகு மேடையில் பாதியை விட்டுவிடுங்கள். ஒலிப்பதிவில் அந்த பேஸைச் சுற்றி வயலின் வரிசையும் இரண்டு மூன்று கிட்டாரும் இருந்தன. உங்கள் மேடையில் ஐந்து பேர் இருப்பீர்கள். இடையிசையில் பேஸ் நடக்கட்டும். சரணத்தில் பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் மட்டும் அசையுங்கள், மற்ற நேரம் ஸ்வரத்தைப் பிடித்து நிறுத்துங்கள். வேகமாக விரல் ஓட்டுபவரை விட நிறுத்தத் தெரிந்தவரைத்தான் அடுத்த கச்சேரிக்குக் கூப்பிடுகிறார்கள்.

5. கீபோர்டுக்காரரின் இடது கையோடு ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். பேஸ் ஆள் இல்லாத குழுவில் பழகிய கை அது, தானாகவே கீழ்ச்சுரங்களை அழுத்தும். இரண்டு பேரும் அங்கே வாசித்தால் சேறுதான். ஒத்திகையிலேயே இதமாகச் சொல்லிவிடுங்கள், மேடையில் முறைக்காதீர்கள்.

6. ட்ரம்ஸ் இல்லாத குழுவில் ரிதம் பேடும் தபேலாவும்தான் தாளம். பேடில் கிக் சத்தம் எந்தத் தட்டில் வைத்திருக்கிறார் என்று கேட்டு, அவர் கை தெரிகிற மாதிரி நில்லுங்கள். தபேலா என்றால் இடது கைப் பாயாவின் கும்காரம் உங்கள் எல்லைக்குள் வரும். அது நீண்டு ஒலிக்கும் இடத்தில் நீங்கள் குறுக்கி வாசியுங்கள். நாட்டுப்புறப் பாட்டுக்குத் தவில் சேர்ந்துவிட்டால் சத்தத்தில் அதோடு போட்டி போட வேண்டாம், தோற்பது நீங்கள்தான்.

7. ஒத்திகைக்கு லயத்து வீடு சரிப்படாது. ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் விடிகாலையில் கொழுந்து பறிக்கப் போகிறவர் தூங்குகிறார். கீழ்ச்சுரம் சுவரைத் தாண்டுவது போல வேறு எதுவும் தாண்டாது. வீட்டில் தனியாகப் பழக, கிட்டாரில் நேரே சொருகும் சின்ன ஹெட்ஃபோன் ஆம்ப் போதும். குழு ஒத்திகைக்குத் தேவாலயக் கூடம், வாசகசாலை மேல்மாடி, விடுமுறை நாளில் டியூஷன் சென்டர் என்று கேட்டுப் பாருங்கள். கூடம் எதிரொலித்தால் பேஸ் ஒலியைக் கூட்டாதீர்கள். ஆம்பில் பேஸ் திருகைக் குறைத்து, மிட் திருகைக் கொஞ்சம் ஏற்றுங்கள், சுரங்களை வெட்டி வாசியுங்கள். ஆம்பை மூலையில் வைத்தால் ஒலி வீங்கும். சுவரை விட்டு நகர்த்தி ஒரு நாற்காலி மேல் ஏற்றினால் தெளியும். குறைந்த சத்தத்திலேயே உங்கள் காதுக்கும் வரும். ஆம்பை முழங்காலுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு 'எனக்குக் கேக்கல' என்று திருகை ஏற்றுவது எல்லாக் குழுவிலும் நடக்கிற கூத்து.

8. இரண்டு மணி நேர ஒத்திகையில் தெரிந்த பாட்டை முழுக்க வாசிப்பது வீண். பாட்டு எப்படி ஆரம்பிக்கிறது, இடையிசைக்கு எத்தனை தாளவட்டம், எப்படி முடிகிறது என்ற மூன்றை மட்டும் பத்துப் பதினைந்து பாட்டுக்கு ஓட்டுங்கள். மேடையில் குழு சறுக்கும் இடங்கள் இவைதான். பாட்டுப் பட்டியலும் கட்டையும் வாட்ஸ்அப் குழுவில் முந்தின நாளே வந்துவிட வேண்டும். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் நிற்பவர் கம்பியை நோண்டக் கூடாது. இந்தக் கெட்ட பழக்கத்தில் பேஸ்காரர்கள் கிட்டார்காரர்களுக்குக் கொஞ்சமும் குறைந்தவர்கள் அல்ல.

9. கச்சேரிக் காலமும் வேலைக் காலமும் இங்கே மோதும். பாலக்காட்டில் வேலா, பூரம் என்ற கோயில் திருவிழாக்கள் எல்லாம் தை முதல் சித்திரை வரை. நென்மாரா வல்லங்கி வேலா ஏப்ரல் தொடக்கத்தில் வருகிறது. முதலமடையில் மாங்காய் இறங்குவதும் அதே ஜனவரி முதல் ஏப்ரல் வரை. மாந்தோப்பு வேலையில் இருக்கும் ட்ரம்மரை நம்பி மார்ச்சில் கச்சேரி ஒப்புக்கொண்டால் கடைசி நாளில் போன் வரும். இடுக்கிப் பக்கம் ஆகஸ்ட் தொடங்கி ஏலக்காய்ப் பறிப்பு. நவம்பர் முதல் ஜனவரி வரை குமுளியில் ஐயப்பன்மார் வரத்து, கடை வைத்திருப்பவர் அசைய மாட்டார். கிறிஸ்துமஸும் பொங்கலும் அந்த நெரிசலுக்குள்ளேயே வந்து நிற்கும். கச்சேரியை ஒப்புக்கொள்ளும் முன் ஒவ்வொருவர் வேலையையும் ஒரு காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். ஒத்திகையை மழைக்காலத்தில் முடித்து வைப்பதே உத்தமம். ஜூன், ஜூலையில் யாருக்கும் கச்சேரி இருக்காது.

10. உங்களுக்குப் பதில் இன்னொருவர் வந்து வாசிக்கிற மாதிரி ஒரு நோட்டு எழுதி வையுங்கள். பாட்டின் பெயர், கட்டை, ஸ்வர வரிசை, முடிவு. உங்களுக்கு நைட் ஷிஃப்ட் வந்தால் குழு தப்பும். 'என் இடம் போய்விடுமோ' என்று நோட்டை ஒளிக்கிற ஆளை எந்தக் குழுவும் அதிக நாள் வைத்துக்கொள்ளாது.

11. சாதாரண கிட்டார் ஆம்பில் பேஸைச் சொருகி முழுச் சத்தம் வைத்தால் ஸ்பீக்கர் கிழியும். மெதுவாகப் பழகுவதென்றால் பரவாயில்லை. வீட்டுக்கு 20, 30 வாட் போதும். ட்ரம்ஸோடு ஒத்திகை பார்க்க 100 வாட்டுக்குக் குறையாத பேஸ் ஆம்ப் வேண்டும். மேடையில் சவுண்ட் சர்வீஸ்காரரின் பெட்டிகள்தான் ஊருக்குக் கேட்கவைக்கும். உங்கள் ஆம்ப் உங்கள் காதுக்கு மட்டும். அதனால் முந்நூறு வாட் ஆம்பை மலை மேல் தூக்கிக்கொண்டு போவது தோளுக்குக் கேடு.

12. ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் டிஐ பாக்ஸ் வாங்குங்கள். கிட்டாரிலிருந்து வரும் மெல்லிய சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றி, நீண்ட வயரில் இரைச்சல் சேராமல் அனுப்புகிற கையளவுப் பெட்டி அது. எல்லைப் பக்கத்து சவுண்ட் செட்டுகளில் பாடகர்களுக்கு மைக் எத்தனையோ இருக்கும், டிஐ பாக்ஸ் சில இடங்களில் இருக்காது. இல்லாவிட்டால் பேஸை மைக் வயரில் ஒட்டுப்போட்டுச் சொருகிவிட்டு, 'சத்தம் மொத்தையா இருக்கே' என்று உங்களைப் பார்ப்பார்கள்.

13. இந்தக் குறிப்பை மட்டும் இரண்டு முறை படியுங்கள். ஆம்பின் மூன்று பின் ப்ளக்கில் மேலே இருக்கும் தடித்த பின்தான் எர்த். இரைச்சல் குறைகிறதே என்று அதை உடைக்கவோ, இரண்டு பின் அடாப்டரில் மாட்டவோ கூடாது. உங்கள் கம்பிகள் கேபிள் வழியாக ஆம்பின் எர்த்தோடு இணைந்தவை. மைக்கோ வேறொரு லைனிலிருந்து, சில சமயம் ஜெனரேட்டரிலிருந்து, வருகிறது. இரண்டில் ஒன்றின் எர்த் கெட்டிருந்தால் கை கம்பியிலும் உதடு மைக்கிலும் படும் கணத்தில் மின்சாரம் உடம்பு வழியாக ஓடும். மேடை ஏறியதும் நியான் டெஸ்டரால் மைக்கின் கம்பி வலையையும் ஆம்பின் உலோகப் பகுதியையும் தொட்டுப் பாருங்கள். விளக்கு எரிந்தால் சவுண்ட்காரர் சரிசெய்யும் வரை கிட்டாரைத் தொடாதீர்கள். எரியாவிட்டாலும், கோரஸ் பாடுகிற ஆளாக இருந்தால் மைக்குக்குப் பஞ்சு உறை போட்டுக்கொள்ளுங்கள், செருப்பைக் கழற்றாதீர்கள். சாமி மேடை, கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால் காய்ந்த மரப்பலகையோ ரப்பர் பாயோ கேட்டு வாங்கி அதன் மேல் நில்லுங்கள். இரைச்சலைப் போக்க டிஐ பாக்ஸில் 'கிரவுண்ட் லிஃப்ட்' என்ற பொத்தான் இருக்கிறது, அதைத் தட்டினால் போதும். ப்ளக்கில் கை வைக்க வேண்டாம்.

14. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. ஐந்து கட்டை, அதாவது இ கம்பியின் 3-ஆம் ஃப்ரெட், நொடிக்கு 49. அதனால் ஆம்பில் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் இருக்கும்போது அந்தச் சுரம் மட்டும் நொடிக்கு ஒருமுறை ஊதி அடங்குவது போலக் கேட்கும். டியூனிங் போய்விட்டது என்று திருகிவிடாதீர்கள். சுரம் சரியாகத்தான் இருக்கிறது, இரைச்சல் அதோடு மோதுகிறது. நின்ற இடத்தில் உடம்பைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள், சீரியல் பல்ப் தோரணத்தையும் டிம்மர் பெட்டியையும் விட்டுத் தள்ளி நில்லுங்கள். இரண்டு தனித்தனிப் பிக்கப் உள்ள ஜாஸ் பேஸ் வகையென்றால் இரண்டு வால்யூம் திருகையும் ஒரே அளவில் வையுங்கள். பெரும்பாலானவற்றில் ஒன்றின் இரைச்சலை இன்னொன்று அழித்துவிடும்.

15. டியூனிங்கைக் காதால் பார்க்க வேண்டாம். பஞ்சவாத்தியமும் அதிர்வேட்டும் முழங்குகிற மைதானத்தில் கவ்வி டியூனர்கூடச் சமயத்தில் தடுமாறும். கேபிள் வழியாக வேலை செய்யும் பெடல் டியூனரே நம்பகம். டியூன் செய்யும்போது அதுவே சத்தத்தையும் அடைத்துவிடும்.

16. ஆக்டிவ் பேஸ் என்றால் உள்ளே 9 வோல்ட் பேட்டரி இருக்கும். கேபிள் சொருகியிருக்கும் வரை அது செலவாகிக்கொண்டே இருக்கும், வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும். ஒத்திகை முடிந்ததும் கிட்டார் பக்க ஜாக்கை உருவிவிடுங்கள். கூடுதல் பேட்டரி ஒன்று பையில் எப்போதும் இருக்கட்டும். குமுளியில் இரவு ஒன்பது மணிக்குக் கடை தேடி ஓடுவது சுகமல்ல.

17. கேபிளை முழங்கையில் சுற்றாதீர்கள். உள்கம்பி முறுக்கி ஒடியும். அதன் இயல்பான வளைவில் வளையமாகச் சுற்றுங்கள். மாட்டும்போது ஸ்ட்ராப்புக்குள் ஒரு சுற்று விட்டுச் சொருகினால் யாராவது மிதித்தாலும் ஜாக் பிடுங்கிக்கொண்டு வராது. உங்கள் பெயரை எழுதி டேப் ஒட்டுங்கள், எல்லாக் கேபிளும் கறுப்புதான். உருவும் முன் மிக்ஸர்காரரிடம் லைனை மூடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் 'டொப்' என்று ஒரு சத்தம், ஒரு ஸ்பீக்கர் செலவு.

18. மூணாறு, பீர்மேடு மழைக்காலத்தில் கிட்டார் பை ஒரு ஈரப்பெட்டி. கட்டை ஈரம் குடித்து நெக் வளையும், கம்பி துருப்பிடிக்கும். பையில் சிலிக்கா ஜெல் போடுங்கள். நிறம் மாறும் வகையென்றால் ஈரம் நிறைந்ததும் நீலம் போய் இளஞ்சிவப்பாகும். சூடுபடுத்தினால் மறுபடி நீலமாகி உழைக்கும். அந்த நீல நிறம் நஞ்சு. சமையல் பாத்திரத்தில் வறுக்காதீர்கள், குழந்தைகள் கையில் படவும் விடாதீர்கள். அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் வைப்பதால் பயன் ஒன்றும் கிடையாது. மழை நாளில் கிட்டாரைச் சுவரில் சாய்த்து வைப்பதும் தப்பு, கல் சுவர் முழுக்க ஈரம்.

19. பாலக்காட்டில் கதை நேர் எதிர். மார்கழி, தையில் கணவாய் வழியாக வீசும் வறண்ட கீழைக்காற்று கட்டையைச் சுருக்கும். ஃப்ரெட்டுகளின் முனை வெளியே நீட்டிக் கையைக் கீறும். ரோஸ்வுட் பலகைக்கு, கிட்டார் கடையில் விற்கும் லெமன் ஆயிலை வருடம் இரண்டு முறை துணியில் தொட்டுத் தடவித் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், சிக்குப்பிடித்து நாறும். மார்ச், ஏப்ரலில் வெயில் நாற்பதை எட்டும் ஊரில் காரின் டிக்கியில் கிட்டாரை விட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். மூணாற்றுக் குளிரிலிருந்து இறங்கி உடுமலைக்கோ பொள்ளாச்சிக்கோ வந்தால் பையை அரை மணி நேரம் மூடியே வைத்துப் பிறகு திறங்கள். குளிர்ந்த கட்டையில் வெக்கைக் காற்று பட்டால் வேர்க்கும்.

20. நெக் சரியாக இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். இ கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்துங்கள். நடுவே 7, 8-ஆம் ஃப்ரெட்டுக்கு மேல் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி இருந்தால் நலம். அதிகம் என்றால் நெக் முன்பக்கம் வளைந்திருக்கிறது. இடைவெளியே இல்லை என்றால் நேராகவோ பின்பக்கம் வளைந்தோ இருக்கிறது. நெக்குக்குள் இருக்கும் இரும்புத் தண்டின் திருகைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதீர்கள், ஒருநாள் விட்டுப் பாருங்கள். இறுகி அடம்பிடித்தால் கோவையில் விவரம் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். மழை முடிந்ததும் ஒருமுறை, கீழைக்காற்று தொடங்கியதும் ஒருமுறை பார்த்தால் போதுமானது. 12-ஆம் ஃப்ரெட்டுக்கு மேல் கம்பியின் உயரம் 2 முதல் 2.5 மில்லிமீட்டர் என்றால் பெரும்பாலான கைக்கு ஒத்துவரும்.

21. பேஸ் கம்பி விலை அதிகம், அதனால் இந்த வித்தை. சத்தம் மங்கிப்போன கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, பழைய பாத்திரத்தில் ஓரிரு துளி பாத்திரச் சோப்பு விட்டு, பத்து நிமிடம் கொதிக்கவைத்து, நன்றாகக் கழுவி, ஒரு பொட்டு ஈரம் இல்லாமல் காயவைத்து மாட்டுங்கள். விரல் அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் வெளியேறி, சில வாரங்களுக்குப் புதுசு போல் கணீரென்று பேசும். தட்டையாகச் சுற்றிய ஃப்ளாட்வவுண்ட் கம்பிக்கும் முனையில் நூல் சுற்றிய கம்பிக்கும் இது ஆகாது. ஒவ்வொரு முறை வாசித்ததும் பழைய வேட்டித் துணியால் துடைத்தாலே பாதி வேலை மிச்சம். புதுக் கம்பி மாட்டும்போது பழையதை எறியாமல் உறையில் போட்டு வையுங்கள், அதுதான் உங்கள் அவசரக் கம்பி.

22. வீட்டிலோ பக்கத்துக் கடையிலோ கிடைக்கும் சாமான்களில் சில வித்தைகள்:
பாத்திரம் தேய்க்கும் புது ஸ்பாஞ்சை ஒரு விரல் அகலத்துக்கு வெட்டி, பிரிட்ஜ் பக்கத்தில் கம்பிகளுக்கு அடியில் செருகுங்கள். அறுபதுகளின் படப்பாட்டில் வரும் பெரிய மர டபுள் பேஸ் போல 'தும்' என்று குறுகி ஒலிக்கும். கம்பியில் நுரைப்பஞ்சு வைத்து ஒலியை அடக்கும் வழக்கம் பழையது.
ஸ்ட்ராப் மாட்டும் திருகு ஆடினால் துளையில் மருந்து கிள்ளிய தீக்குச்சியை ஃபெவிகால் தொட்டுச் செருகி, உடைத்து, காய்ந்தபின் திருகுங்கள்.
ஸ்ட்ராப் நழுவினால் குழாய்க்குப் போடும் ரப்பர் வாஷர் ஒன்றை மேலே மாட்டுங்கள்.
வால்யூம் திருகு கரகரத்தால் எலக்ட்ரானிக்ஸ் கடையின் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே அடியுங்கள். எந்த எண்ணெயும் வேண்டாம்.

23. ஐந்து கம்பி பேஸ் அவசியமா என்று கேட்பார்கள். இரண்டு கட்டைப் பாடகருக்கு அடி ஸ வேண்டுமென்றால், நாலு கம்பியிலேயே இ கம்பியை ஒரு முழுச் சுரம் தளர்த்தி டி ஆக்கிக்கொள்ளலாம். அந்தக் கம்பியில் மட்டும் விரல் இரண்டு ஃப்ரெட் தள்ளி விழ வேண்டும், அவ்வளவுதான். ஐந்தாவது கம்பியான பி நொடிக்கு 31 அதிர்வு. நம் ஊர் சவுண்ட் பெட்டிகளில் பல அதை ஒலியாகத் தராது, வெறும் காற்றாகத்தான் தள்ளும். என் கணக்கில் அந்தப் பணத்துக்கு டிஐ பாக்ஸும் பெடல் டியூனரும் இரண்டு நல்ல கேபிளும் மேல்.

24. பழைய பேஸ் வாங்கும்போது மினுக்கைப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் அழுத்தி, ஊமையான இடம் உண்டா என்று கேளுங்கள். தலைப்பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடி நெக்கை நோக்குங்கள். இரும்புத் தண்டின் திருகு இரு பக்கமும் அசைகிறதா என்று விற்பவரையே திருப்பிக் காட்டச் சொல்லுங்கள்; அது இறுகிப்போயிருந்தால் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். கிட்டார் ஏறக்குறைய நாலு கிலோ. பத்து நிமிடம் நின்று மாட்டிப் பாருங்கள், தலைப்பக்கம் கீழே சாய்கிறதா என்று அப்போது தெரியும். மூன்று அங்குல அகல ஸ்ட்ராப் போடுங்கள்.

25. பஸ்ஸில் மேல் பலகையில் கிட்டாரைப் படுக்கவைக்காதீர்கள். பிரேக் போட்டால் அது உங்களுக்கு முன்னால் இறங்கும். முழங்காலுக்கு நடுவே நிறுத்தி, கழுத்தை மேலே வைத்துப் பிடியுங்கள். போடிமெட்டு வளைவுகளில் ஜீப்பில் போகும்போது ஆம்பின் ஸ்பீக்கர் முகம் சீட்டைப் பார்த்திருக்கட்டும். கயிற்றால் கட்டியே ஆக வேண்டும். காடு வழியாகப் போகும் பாதைகளில் செக்போஸ்ட் இரவில் எத்தனை மணிக்கு மூடும் என்று கிளம்பும் முன் கேட்டு வையுங்கள். பெரிய கறுப்பு குப்பைப் பை இரண்டு எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும்: மலையில் மழை சொல்லிக்கொண்டு வராது. ஒன்று ஆம்புக்கு, ஒன்று பெடலுக்கு.

26. காது போனால் திரும்ப வராது. 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்றால், ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். ட்ரம்மரின் சிம்பலுக்குப் பக்கத்தில் நிற்பவர் நீங்கள். இசைக்காரர்களுக்கென்று விற்கும் காதடைப்பான் சத்தத்தைக் குறைக்குமே தவிர மழுக்காது. பஞ்சைத் திணித்தால் மேல்சுரம் மட்டும் போய் இன்னும் சத்தமாக வாசிப்பீர்கள்.

27. மைக் அனுமதியை விழாக் குழு போலீஸில் வாங்கியிருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழா நாட்களுக்கு நள்ளிரவு வரை தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு, வருடத்துக்கு 15 நாளுக்கு மேல் அல்ல. உங்கள் ஊரில் அன்றைக்கு அந்தத் தளர்வு இருக்கிறதா என்பது வேறு கேள்வி. 9.30-க்கு மேடை ஏற்றுகிற விழாக் குழுவிடம் முழுத் தொகையும் முன்பணமாக வாங்கிவிடுவது நல்லது. கணக்கில் வண்டி வாடகை, சாப்பாடு, பேட்டரி, கம்பி எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் பங்கு பிரியுங்கள். 'பேஸ்தானே' என்று பங்கைக் குறைக்கிற குழுவில் தொடர வேண்டாம்.

28. இது விழாக் குழுவினருக்கு. மேடைக்குச் சீரியல் பல்ப் லைனிலிருந்து கிளை எடுக்காமல், எர்த் சரிபார்த்த தனி லைன் ஒன்று இழுத்துக் கொடுங்கள். மேடை ஓரத்தில் மூன்று பின் சாக்கெட் நாலு வைக்கச் சொல்லுங்கள். ஒரு எலக்ட்ரீஷியனின் அரை நாள் வேலைதான் அது. கலைஞர்களுக்குப் பொன்னாடை போர்த்தாவிட்டாலும் பரவாயில்லை, இதைச் செய்துவிடுங்கள்.